எல்லை தாண்டியதும் தங்கிவிட்டதும்: போலந்துக் கவிதை உலகக் கவிதையான விதம்

2001 செப்டம்பர் 24 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழின் அட்டை முழுக்கக் கறுப்பு. உற்றுப் பார்த்தால்தான் அந்தக் கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக இரண்டு கோபுரங்கள் நிற்பது தெரியும். இரட்டைக் கோபுரங்கள் இடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம். அந்த இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கவிதை. எழுதியவர் ஆதம் ஜகயெவ்ஸ்கி என்ற போலந்துக் கவிஞர். ஆங்கிலமாக்கியவர் கிளேர் காவனா. சிதைக்கப்பட்ட இந்த உலகத்தைப் புகழ முயன்று பார் என்று அந்தக் கவிதை தொடங்குகிறது. ஜூன் மாதத்து நீண்ட பகல்கள், காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்கள், நாடு கடத்தப்பட்டவர்களின் வீடுகளை மூடி வளர்ந்த காஞ்சொறிச் செடிகள், எங்கும் போய்ச்சேராத அகதிகள் என்று நீள்கிறது. நியூயார்க் வாசிகள் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள், நண்பர்களுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கவிதைக்கும் செப்டம்பர் 11க்கும் தொடர்பில்லை. தாக்குதலுக்கு முன்பே எழுதியது. இளம் வயதில் தந்தையோடு நடந்துபோன ஆளரவமற்ற கிராமங்களின் நினைவு அதற்குப் பின்னால் இருக்கிறது. 1947இல் போலந்தின் தென்கிழக்கு மூலையிலிருந்து சுமார் 1,40,000 உக்ரேனியர்களையும் லெம்கோ மக்களையும் அரசு பெயர்த்தெடுத்து வேறிடங்களில் கொட்டியது. அவர்கள் விட்டுப்போன வீடுகளில்தான் காஞ்சொறி வளர்ந்தது. ஜகயெவ்ஸ்கியின் குடும்பமும் இடம் பெயர்க்கப்பட்டதுதான். அவர் 1945இல், இன்று உக்ரைனில் உள்ள லிவிவ் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அந்த நகரம் சோவியத் பக்கம் போக, குடும்பம் மேற்கே கிளிவிட்ஸே என்ற ஊருக்கு வந்துசேர்ந்தது.

அறியாத ஒரு நாட்டின் வரலாற்றிலிருந்து வந்த கவிதை, இன்னொரு நாட்டின் மிக மோசமான வாரத்தில் அந்த நாட்டவரின் சொந்தக் கவிதைபோல ஒலித்தது. இதை ஒரு நல்ல கவிதையின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. போலந்திலிருந்து ஆங்கிலத்துக்குள் கவிதை வருவதற்கான பாதையை நாற்பது ஆண்டுகளாகச் சிலர் உழைத்துப் போட்டு வைத்திருந்தார்கள். எந்தக் கவிதை அதில் போகலாம், எது போக முடியாது என்பதையும் அந்தப் பாதையே பெருமளவு முடிவு செய்தது. உலகம் 'போலந்துக் கவிதை' என்று வாசிப்பது போலந்துக் கவிதையில் ஒரு பகுதியைத்தான். அந்தப் பகுதி மகத்தானது. ஆனால் பகுதி.

தொடக்கம் போரில். நாஜி ஆக்கிரமிப்புக்கு எதிரான 1944 எழுச்சிக்குப் பிறகு வார்சாவை ஜெர்மானியர்கள் தெருத்தெருவாகத் தகர்த்தார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒரு தலைமுறைக் கவிஞர்களும் அடக்கம். உயிர் தப்பிய ததேயுஷ் ருஜேவிச் 1947இல் வெளியிட்ட தொகுப்பில் 'தப்பியவன்' என்ற பொருளில் ஒரு கவிதை இருக்கிறது. தனக்கு இருபத்து நான்கு வயது, கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்பட்டேன், பிழைத்துவிட்டேன் என்பதுதான் அதன் ஆரம்பம், முடிவும்கூட. மனிதனும் விலங்கும், அன்பும் வெறுப்பும் வெறும் சொற்களாகிவிட்டன என்கிறது கவிதை. பொருள்களுக்கு மறுபடி பெயர் வைக்கவும், ஒளியையும் இருளையும் பிரித்துத் தரவும் ஓர் ஆசானைத் தேடுகிறேன் என்கிறது. எதுகை கிடையாது, அணி கிடையாது, நிறுத்தற்குறிகள்கூட அநேகமாகக் கிடையாது. ருஜேவிச் கெரில்லாப் போராளியாக இருந்தவர். அவருடைய அண்ணன், அவரும் கவிஞர், 1944இல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோவால் கொல்லப்பட்டார். அழகான சொல் எதையும் நம்ப முடியாத இடத்திலிருந்து அந்த வெறுமையான மொழி வந்தது.

மொழிபெயர்ப்பின் கண்ணால் பார்த்தால் இந்த வெறுமைக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஓசையில் நிற்காமல் சூழலிலும் சிந்தனையிலும் நிற்கும் கவிதை வேறு மொழிக்குப் போகும்போது குறைவாகவே சேதமாகிறது. ருஜேவிச் இதற்காக எழுதவில்லை. ஆனால் போலந்துக் கவிதை பின்னால் பெற்ற உலகப் புகழுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கலை கட்சியையும் உழைப்பாளரையும் போற்ற வேண்டும் என்ற சோஷலிச யதார்த்தவாதம் 1949இல் கம்யூனிஸ்ட் அரசின் கட்டாயக் கொள்கை ஆனது. பாராட்டுப் பாடல் எழுதியவர்களுக்கு அச்சகம் திறந்திருந்தது. மற்றவர்கள் மேஜை இழுப்பறைக்கு எழுதினார்கள். ஸ்பிக்னியெவ் ஹெர்பெர்ட் அப்படி எழுதியவர். ஸ்டாலின் இறந்து, கெடுபிடி தளர்ந்த 1956இல்தான் அவருடைய முதல் தொகுப்பு வெளியானது. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கூழாங்கல்லைப் பற்றி, மேஜை நாற்காலியைப் பற்றி, கிரேக்கத் தொன்மத்தில் மார்சியாஸின் தோலை உரித்த அப்பல்லோவைப் பற்றி எழுதினார். தணிக்கையாளர் படித்தால் புராணம். வாசகர் படித்தால் அன்றைய வார்சா. விஸ்லவா சிம்போர்ஸ்காவின் வழி வேறு. 1952லும் 1954லும் வந்த அவருடைய முதல் இரு தொகுப்புகளில் கட்சிக்கு உகந்த கவிதைகள் இருந்தன. பிறகு அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, 1957 தொகுப்பிலிருந்தே தன் எழுத்து தொடங்குவதாக எடுத்துக்கொண்டார். இன்று பிற மொழிகளில் கிடைக்கும் சிம்போர்ஸ்கா பெரும்பாலும் இந்த இரண்டாவது சிம்போர்ஸ்காதான்.

பாதை போட்டவர்களில் முதல் ஆள் செஸ்லாவ் மிலோஷ். 1911இல் இன்றைய லித்துவேனியாவில் பிறந்தவர். போருக்குப் பின் போலந்து அரசின் தூதரகப் பணியில் இருந்தவர், 1951இல் பாரிஸில் அரசை விட்டு விலகிப் புகலிடம் கேட்டார். 1960இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். சொந்த நாட்டில் புத்தகங்களுக்குத் தடை. வந்து சேர்ந்த நாட்டில் அவர் மொழியை வாசிக்க ஆளில்லை. இந்த நிலையில் அவர் செய்த காரியம் மற்றவர்களை மொழிபெயர்த்தது. 1965இல் போருக்குப் பிந்தைய போலந்துக் கவிதைகளின் ஆங்கிலத் தொகுப்பைக் கொண்டுவந்தார். நல்ல கவிதையா என்பதோடு, ஆங்கிலத்தில் நிற்குமா என்பதும் அதில் தேர்வின் அளவுகோலாக இருந்தது. 1968இல் ஹெர்பெர்ட்டின் தேர்ந்தெடுத்த கவிதைகளைப் பீட்டர் டேல் ஸ்காட்டோடு சேர்ந்து மொழிபெயர்த்தார்; பெங்குவின் வெளியிட்டது. அமெரிக்கக் கவிதை வட்டாரத்தில் மிலோஷ் நெடுநாள் ஹெர்பெர்ட்டின் மொழிபெயர்ப்பாளராகவே அறியப்பட்டார். தன் காலத்தின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர், இன்னொரு பெருங்கவிஞருக்காகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இலக்கிய வரலாற்றில் இதற்கு இணையான பெருந்தன்மை எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அதே 1965இல் லண்டனில் ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸும் டேனியல் வெய்ஸ்போர்ட்டும் மொழிபெயர்ப்புக் கவிதைக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார்கள். முதல் இதழிலேயே ஹெர்பெர்ட், மிலோஷ், செர்பியாவின் வாஸ்கோ போப்பா, செக்கோஸ்லோவாக்கியாவின் மிரோஸ்லாவ் ஹோலுப், இஸ்ரேலின் யெஹூதா அமிக்காய். ஹியூஸ் விரும்பியது சொல்லுக்குச் சொல் நெருங்கி வரும் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்துக்காக மெருகு போடாதே, கரடுமுரடாக இருந்தாலும் மூலத்தின் எலும்பு தெரியட்டும் என்பது அவர் நிலை. அன்றைய பிரிட்டிஷ் கவிதை நாகரிகமான வரவேற்பறைப் பேச்சாகிவிட்டது என்று அவரும் விமர்சகர் ஆல்வரெஸ் போன்றவர்களும் நினைத்தார்கள். வரலாற்றின் அடியை உடம்பில் வாங்கியவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கும் தாகம் இருந்தது. ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனிக்கும் பின்னாளில் அதே தாகம். வடக்கு அயர்லாந்தின் வன்முறைக்கு நடுவில் எழுதிய அவர், மிலோஷையும் ஹெர்பெர்ட்டையும் ஹோலுபையும் பற்றி 1988 கட்டுரைத் தொகுப்பில் எழுதினார். அவருடைய 1987 கவிதைத் தொகுப்பில் 'மனசாட்சிக் குடியரசு' என்றொரு கற்பனை நாட்டுக்குப் போய் இறங்கும் கவிதை இருக்கிறது; கிழக்கு ஐரோப்பியக் கவிதையைப் படித்த கை அதில் தெரிகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நிதானமான தொனி, எளிய வாக்கியம், கடைசியில் ஒரு திருப்பம், பின்னணியில் பெயர் சொல்லாத கொடுங்கோன்மை என்று மொழிபெயர்ப்புக் கவிதைக்கே உரிய ஒரு குரல் ஆங்கிலத்தில் உருவாகி, பின்பு எல்லா மொழிகளுக்கும் பரவியது. ஹெர்பெர்ட்டின் கையில் அது உயிர் பிழைக்கும் உபாயம். தணிக்கையே இல்லாத நாட்டில் அதை எடுத்தாளும்போது வெறும் பாணி ஆகிவிடுகிறது. நம் மொழியிலும் அந்தப் பாணிக் கவிதைகள் நிறைய வந்திருக்கின்றன.

1980 எல்லாவற்றையும் மாற்றியது. ஆகஸ்டில் கதான்ஸ்க் கப்பல் தளத்தில் வேலைநிறுத்தம். அக்டோபரில் மிலோஷுக்கு நோபல் பரிசு. டிசம்பர் 16 அன்று, பத்தாண்டுகளுக்கு முன் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காகக் கப்பல் தள வாசலில் மூன்று உயரமான சிலுவைகளோடு ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. எளிய மனிதனுக்குத் தீங்கு செய்தவனே, நிம்மதியாக இருக்காதே, கவிஞனுக்கு நினைவிருக்கும் என்ற மிலோஷின் பழைய கவிதை வரிகளை அதில் பொறித்தார்கள். தன் மக்களுக்கு இறைவன் வலிமை தருவார் என்ற பைபிள் சங்கீத வரியும் அங்கே இருக்கிறது. அந்தச் சங்கீதத்தைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுவந்ததும் மிலோஷ்தான். அரசு அச்சிட மறுத்தவரின் கவிதையும் மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில்.

அடுத்த கட்டத்தின் நாயகர் ஸ்தனிஸ்லாவ் பாரஞ்சாக். 1946இல் போஸ்னானில் பிறந்த கவிஞர். 1976இல் தொழிலாளர் பாதுகாப்புக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதனால் வேலையும் போனது, எழுத்துக்கும் தடை. ஹார்வர்டு அழைத்தும் பாஸ்போர்ட் தராமல் இழுத்தடித்தார்கள். 1981இல்தான் போக முடிந்தது. அங்கே அவரிடம் படிக்க வந்த மாணவி கிளேர் காவனா. இந்த இருவர் கூட்டு மொழிபெயர்ப்புக் கவிதையின் வரலாற்றில் தனித்து நிற்கிறது. பாரஞ்சாக் ஷேக்ஸ்பியரையும் ஜான் டன்னையும் எமிலி டிக்கின்சனையும் போலிஷுக்குக் கொண்டுபோனவர். எதுகையை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் கொண்டுபோகலாம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. ஹியூஸின் சொல்லுக்குச் சொல் கொள்கைக்கு நேர் எதிர்முனை.

அந்த முனையில் என்ன சாத்தியம் என்பதற்கு சிம்போர்ஸ்காவின் 'பிறந்தநாள்' நல்ல உதாரணம். 1972 தொகுப்பில் உள்ளது. பிறந்து வந்ததும் உலகம் மொத்தமாக மேலே வந்து விழுகிறது. இத்தனையையும் எங்கே வைப்பது, எப்படி அடுக்குவது என்று திணறுகிறாள் கவிதையில் பேசுபவள். போலிஷில் அந்த அடுக்கு இப்படிப் போகிறது: மொரெனி, முரெனி, மோஷா, ஸோஷே, அடுத்து ஓகியென், ஓகோன், ஓஷெவ், ஓஷெக். பொருள் மட்டும் பார்த்தால் பனியாறு ஒதுக்கிய பாறைக் குவியல், விலாங்கு மீன், கடல், வைகறை ஒளி. பிறகு நெருப்பு, வால், கழுகு, கொட்டை. இந்தப் பொருளை அப்படியே கொடுத்தால் கவிதை செத்துப்போகும். கொட்டைக்கும் கழுகுக்கும் உறவே ஓசையில்தான். பாரஞ்சாக்கும் காவனாவும் முதல் வரிசையில் பாதியைக் காப்பாற்றி, மீதிக்கு மொராஸஸ், மஸல்ஸ் என்று சதுப்பையும் சிப்பியையும் கொண்டுவந்தார்கள். இரண்டாவது வரிசையில் நெருப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஃப்ளேம், ஃப்ளமிங்கோ, ஃப்ளவுண்டர், ஃபெதர் என்று போனார்கள். கழுகு போனது, பூநாரை வந்தது. வால் போனது, தட்டைமீன் வந்தது. கொட்டையிருந்த இடத்தில் இறகு. பாதிப் பொருள்கூட மிச்சமில்லை என்று குற்றம் சொல்லலாம். ஆனால் மூச்சுத் திணறும் அந்தக் கொண்டாட்டம் முழுசாக இருக்கிறது. எனக்கு இந்த முடிவில் சந்தேகமே இல்லை, அவர்கள் செய்ததுதான் சரி. தமிழில் மோனை கைவசம் இருக்கிறது: கடலும் கயலும் கனலும் கழுகும் என்று நம் செவிக்கு வெகு இயல்பாக வரும். ஆங்கிலம் வழியே தமிழுக்கு வரும்போது பூநாரையையும் தட்டைமீனையும் அகராதி பார்த்துப் பெயர்த்து வைத்தால், இரண்டு முறை இழந்தவர்கள் ஆவோம்.

சிம்போர்ஸ்கா தன் வாழ்நாளில் வெளியிட்டது சுமார் 350 கவிதைகள்தான். 1996இல் நோபல் கிடைத்தபோது அதற்குப் பின்னாலும் மொழிபெயர்ப்பாளர்கள் நின்றார்கள். ஸ்வீடிஷில் ஆந்தர்ஸ் பூதேகோர்ட் அவரை முன்பே கொண்டுவந்திருந்தார்; பரிசு தரும் அகாதெமி தன் சொந்த மொழியிலேயே வாசிக்க முடிந்தது. ஜெர்மனில் கார்ல் தெதேசியஸ். இவர் கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது: வூட்ஜ் நகரில் பிறந்த ஜெர்மானியர், ஸ்டாலின்கிராட் போரில் பிடிபட்டுச் சோவியத் முகாமில் பல ஆண்டு கைதி, பிறகு மேற்கு ஜெர்மனியில் காப்பீட்டு நிறுவன ஊழியர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் போலந்துக் கவிதையை மொழிபெயர்க்கத் தொடங்கி, கடைசியில் டார்ம்ஷ்டாட் நகரில் போலந்து ஆய்வு நிறுவனத்தையே நிறுவினார். ஐம்பது தொகுதிகள் கொண்ட போலந்து நூல் வரிசையைப் பதிப்பித்தார். போலந்தை அழித்த மொழியில் போலந்தின் கவிதையை வாசிக்க வைத்தார். நோபலுக்குப் பிறகு சிம்போர்ஸ்கா நெடுநாள் எழுத முடியாமல் தவித்தார். நண்பர்கள் அதை ஸ்டாக்ஹோம் துயரம் என்றே அழைத்தார்கள். அடுத்த தொகுப்பு 2002இல்தான் வந்தது.

இனி, எல்லை தாண்டாமல் போலிஷிலேயே தங்கிவிட்டவர்கள். போலெஸ்லாவ் லெஷ்மியான், 1877இல் பிறந்து 1937இல் இறந்தவர். போலிஷ் வாசகர்களைக் கேட்டால் அந்த நூற்றாண்டின் ஆகப் பெரிய கவிஞர் அவரே என்று சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். நாட்டார் பாடலின் சந்தத்தில், அகராதியில் இல்லாத சொற்களைத் தானே பிறப்பித்து எழுதியவர். ஒரு முன்னொட்டைச் சேர்த்து 'இல்லாமை'யை ஓர் உயிராக நடமாட விடுவார். வெளியே அவரை அறிந்தவர் மிகக் குறைவு. மிரோன் பியாவொஷெவ்ஸ்கி, 1922–1983. தன் அறையிலிருந்து அடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாலும் சுவரில் மிஞ்சும் ஓட்டை போதும், நான் மகிழ்ச்சியாக இருப்பேன் என்று எழுதியவர். அந்தக் கவிதையை மிலோஷே ஆங்கிலமாக்கினார். ஆனால் பியாவொஷெவ்ஸ்கி பின்னாளில் வார்சா மாடிப்படிப் பேச்சை, திக்கலை, வாய்தவறலை, அரைச்சொற்களை வைத்து எழுதினார். அவை அநேகமாக அங்கேயே நின்றுவிட்டன. சர்வாதிகாரத்துக்கு எதிரான அறச் சாட்சி என்று எழுதி ஒட்டப்பட்ட பெட்டிக்குள் மாடிப்படிப் பேச்சுக்கு இடமில்லை.

மேற்கு இந்தப் பெட்டியைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாட்களில் போலந்தின் இளம் கவிஞர்கள் அதிலிருந்து வெளியேற வழி தேடிக்கொண்டிருந்தார்கள். வழியைக் காட்டியதும் ஒரு மொழிபெயர்ப்பு இதழ்தான். 'லித்தரதூரா ந ஷ்வியேச்சே' என்ற வார்சா மாத இதழின் 1986 ஜூலை எண் நியூயார்க் கவிஞர்களுக்கானது; நீல இதழ் என்று இன்றும் சொல்கிறார்கள். அதில் பியோத்ர் சொம்மெர் கொண்டுவந்த ஃபிராங்க் ஓஹாராவும் ஜான் ஆஷ்பெரியும் இருந்தார்கள். மதிய உணவு இடைவேளையில் நடந்துபோவது, நண்பருக்குப் போன் செய்வது, கோக் குடிப்பது என்று தேசமே குறுக்கிடாத கவிதைகள். இருபது சொச்சம் வயதில் இருந்த ஒரு தலைமுறையை அது பிடித்துக்கொண்டது. அவர்களுக்கு 'ஓஹாரிஸ்டுகள்' என்றே பெயர் விழுந்தது. மார்சின் ஷ்வியெத்லிட்ஸ்கி 1988இல் எழுதிய ஒரு கவிதை நேரடியாகவே மோதுகிறது. பல் வலிக்கிறது, பசிக்கிறது, தனியாக இருக்கிறேன் என்று சொல்வதை விட்டுவிட்டு இவர்கள் நோர்விட், பியுசுட்ஸ்கி, உக்ரைன், லித்துவேனியா, தாமஸ் மன், பைபிள் என்று பெரிய பெயர்களாக அடுக்குகிறார்களே என்பது அதன் சீற்றம். வரலாறு வேண்டும் என்று நியூயார்க்கும் லண்டனும் கிராக்கோவைப் படித்தன. வரலாறு போதும் என்று கிராக்கோவ் நியூயார்க்கைப் படித்தது. இரு பக்கமும் தன்னிடம் இல்லாததை எடுத்துக்கொண்டது. மொழிபெயர்ப்புக் கவிதை எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இன்றைய நிலைமை கொஞ்சம் விரிந்திருக்கிறது. 1970இல் பிறந்த தொமாஷ் ருஜிட்ஸ்கியின் 'காலனிகள்' தொகுப்பை மீரா ரோசன்தாலின் ஆங்கிலத்தில் வாசிக்கலாம். அவருடைய நகைச்சுவைக் காவியமான 'பன்னிரண்டு நிலையங்கள்' பில் ஜான்ஸ்டன் மூலம் வந்திருக்கிறது. மொழிபெயர்க்கவே முடியாது என்று பேர்பெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேசியக் காவியம் 'பான் ததேயுஷ்', அதுவும் ஜான்ஸ்டன் கையால், 2018இல் புதிதாக வந்தது. கனடாவின் கிரிஃபின் கவிதைப் பரிசு, மொழிபெயர்ப்பு நூல் வென்றால் பணத்தில் அறுபது சதவீதத்தை மொழிபெயர்ப்பாளருக்கும் நாற்பதைக் கவிஞருக்கும் தருகிறது. இந்தப் பங்கீடு சிலருக்கு வியப்பாக இருக்கலாம்; மிலோஷ், பாரஞ்சாக், தெதேசியஸ் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இராது.

தமிழுக்குப் போலந்துக் கவிதை பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்திருக்கிறது. அதாவது மிலோஷ் தேர்ந்தெடுத்து, ஹியூஸ் வரவேற்று, பாரஞ்சாக் செதுக்கிய போலந்துதான் நமக்குத் தெரிந்த போலந்து. அந்த வழியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது இல்லாவிட்டால் சிம்போர்ஸ்கா நமக்கு இல்லை. ஆனால் வேறு வழியும் இருக்கிறது. இந்தியில் கவிஞர் அசோக் வாஜ்பேயி, கிராக்கோவைச் சேர்ந்த இந்தியவியலாளர் ரெனாதா செகால்ஸ்காவோடு சேர்ந்து உட்கார்ந்து மிலோஷ், ஹெர்பெர்ட், சிம்போர்ஸ்கா, ருஜேவிச் நால்வரையும் மூலத்திலிருந்தே இந்திக்குக் கொண்டுவந்தார். ஒருவருக்குப் போலிஷ் தெரியும், இன்னொருவருக்குத் தன் மொழியின் கவிதை தெரியும். வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுத்தருகிறார்கள். தமிழும் போலிஷும் அறிந்த ஒருவரும், சந்தத்தில் கை பழகிய ஒரு தமிழ்க் கவிஞரும் லெஷ்மியானின் ஒரே ஒரு கதைப்பாடலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பின்னொட்டுகளை அடுக்கிச் சொல் பிறப்பிக்கும் வசதி நம் மொழிக்கு இருக்கிறது. நாட்டார் சந்தமும் இருக்கிறது. ஆங்கிலம் கொண்டுவர முடியாமல் விட்ட கவிஞர் தமிழுக்கு நேராக வந்துசேரலாம்.